இந்த வாத்தியம் எங்கே வசிக்கப் போகிறது?

"2,400 டாலரா? அந்தப் பொம்மை கிடாருக்கா?"

இந்தக் கேள்வியை இதுவரை இருபது பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். சன்னிவேல் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதை ரூபாயில் மாற்றிப் போட்டு, கீழே மூன்று அழும் முகங்களையும் வைத்தார். என் மனைவி கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கும்பகோணத்தில் இருக்கும் அம்மா மட்டும் காசைப் பற்றிப் பேசாமல், "யாருப்பா செய்யறாங்க?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

நான் ஒரு சாஃப்ட்வேர் ஆள். இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, 2014-ல் ஹெச்-1பி விசாவில் அமெரிக்கா வந்தவன். இசைக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. சின்ன வயதில் அம்மா வீணை சொல்லித்தர உட்காரச் சொன்னபோதெல்லாம் கிரிக்கெட் மட்டையோடு தெருவுக்கு ஓடியிருக்கிறேன்.

2020 ஊரடங்கில் எங்கள் மகளின் பள்ளியில் ஆன்லைன் இசை வகுப்புக்காக உகுலேலே வாங்கச் சொன்னார்கள். நான்கு தந்திகள், கைக்குழந்தை அளவு, பார்க்க கிடாரின் தம்பி மாதிரி இருக்கும். 60 டாலருக்கு ஒன்று வாங்கினோம். மகள் மூன்று வாரத்தில் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. மீட்டிங் நடுவில் கேமராவை அணைத்துவிட்டு, மைக் மியூட்டில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு வாசிப்பேன். ஒருநாள் மியூட்டில் இல்லை. அது வேறு கதை.

கடற்கரையில் கேட்ட சத்தம்

சன்னிவேலிலிருந்து மலையைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் சான்டா குரூஸ். ஹவாய்க்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1885-ல் ஹவாய் இளவரசர்கள் மூன்று பேர் அங்கே ரெட்வுட் மரப்பலகைகளில் அலைச்சறுக்கு விளையாடியது அந்த ஊர்ச் சரித்திரம். இன்றும் வாரக் கடைசியில் கடற்கரையில் நாற்காலி போட்டு, வட்டமாக உட்கார்ந்து உகுலேலே வாசிப்பவர்களைப் பார்க்கலாம். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தேன்.

ஒருநாள் பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன்னுடையதை என் கையில் கொடுத்து, "வாசிச்சுப் பாருங்க" என்றார். காகிதம் மாதிரி எடையே இல்லை. ஒரு தந்தியைத் தட்டியதும் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிர்ந்தது. கடைசியாக அப்படி ஓர் அதிர்வை உணர்ந்தது எப்போது என்று யோசித்தேன். அம்மா வாசிக்கும்போது வீணைக் குடத்தின் மேல் காதை வைத்துப் படுத்திருந்த வயதில்.

"யார் செஞ்சது?" என்று கேட்டேன். அவர் பின்னால் இருந்த மலையைக் கைகாட்டினார்.

எக்ஸலோடு போனவன்

தந்தி வாத்தியம் செய்பவரை இங்கே லூத்தியர் என்கிறார்கள். நம்ம ஊரில் வீணை ஆசாரி என்போமே, அதுதான். இவருக்கு அறுபது வயதுக்கு மேல். ரெட்வுட் மரங்களுக்கு நடுவில், இரண்டு கார் நிறுத்தும் அளவுக்கு ஒரு பட்டறை. சுவரில் உளிகளும் இழைப்புளிகளும் வரிசையாகத் தொங்கின. 2022 செப்டம்பரில் முதல் தடவை போனபோது நான் 34 வரிகள் கொண்ட ஓர் எக்ஸல் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். அளவு, மரம், கழுத்தின் அகலம், தந்தியின் வகை என்று இணையத்தில் படித்ததெல்லாம் அதில் இருந்தது. அவர் மரியாதையாக வாங்கி, அதன்மேல் காபி கோப்பையை வைத்துவிட்டு, "வாசிங்க" என்றார்.

பத்து நிமிடம் என் விரல்களைப் பார்த்தார். கையை விரிக்கச் சொல்லி அளந்தார். பாடுவீங்களா, சும்மா வாசிப்பீங்களா, உட்கார்ந்தா, நின்னா என்று கேட்டார். டெனார் அளவுதான் உங்களுக்குச் சரி, தந்தி நீளம் 17 அங்குலம் என்று முடிவு செய்தார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வாத்தியம் எங்கே வசிக்கப் போகிறது?"

டெலிவரி முகவரி கேட்கிறார் என்று நினைத்து அபார்ட்மென்ட் எண்ணைச் சொன்னேன். "அது பார்சல் வர்ற இடம். பத்து வருஷம் கழிச்சு எங்கே இருக்கும்?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன் நான். மாதாமாதம் விசா புல்லட்டினைத் திறந்து, தேதி ஒரு வாரமாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற கூட்டத்தில் ஒருவன். பத்து வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்பதே எனக்குத் தெரியாது. "கலிபோர்னியா. இல்லேன்னா தமிழ்நாடு" என்று இழுத்தேன்.

அவர் கேட்டது தத்துவம் இல்லை, சுத்தமான இன்ஜினீயரிங். மரம் வெட்டிய பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், விடும். ஈரம் ஏறினால் நாருக்குக் குறுக்காக வீங்கும், காய்ந்தால் சுருங்கும். பட்டறையில் அவர் ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கிறார். ஈரமான இடத்தில் செய்ததை உலர்ந்த ஊருக்குக் கொண்டுபோனால் மேற்பலகை வெடித்துவிடும். உலர்வாகச் செய்ததை ஈரமான ஊருக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் உப்பும், தந்தி மேலே எழும்பும், ஆனால் பெரும்பாலும் உடையாது. "ரெண்டு ஊர்னா உலர்வாத்தான் செய்யணும். வீங்கினதைச் சரி பண்ணிடலாம். வெடிச்சதை ஒட்டத்தான் முடியும்" என்றார்.

அப்படியென்றால் என் 60 டாலர் உகுலேலே எப்படி எந்த வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் இருக்கிறது? அது ஒட்டுப்பலகை. மெல்லிய தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. அது யார் வீட்டுக்கு, எந்த ஊருக்குப் போகும் என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. அதனால் எங்கே போனாலும் உடையாதபடி கனமாகச் செய்துவிடுகிறார்கள். உகுலேலே தந்திகளின் இழுவிசை கிடாரைவிட மிகக் குறைவு. அந்தச் சின்ன விசையில் பலகை அதிரவேண்டும் என்றால் அது மெல்லியதாக, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கவேண்டும். எங்கே வசிக்கும் என்று தெரிந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும். ஒட்டுப்பலகை எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எங்கேயும் பெரிதாக ஒலிக்காது.

திரும்பி வரும்போது மலைப்பாதை முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டு வந்தேன்.

அதே வருடம், இரண்டு கப்பல்கள்

விலை 2,400 டாலர். 800 அட்வான்ஸ், திருப்பித் தரப்படாது. சுமார் பத்து மாதம் ஆகும். மேற்பலகைக்கு விழுந்து கிடந்த ரெட்வுட் மரத்திலிருந்து அறுத்த பலகை. பின்னாலும் பக்கத்திலும் ஹவாய் தீவுகளில் மட்டுமே வளரும் கோவா மரம். நம்ம ஊர்க் கருவேல மரத்துக்குத் தூரத்து உறவு. விரல் வைக்கும் பலகைக்கு அவர் அலமாரியிலிருந்து கரும்பழுப்பில் ஒரு துண்டை எடுத்து, "இது உங்க பக்கத்து மரம்" என்றார். ஈட்டி! தோதகத்தி என்றும் சொல்வோம். அந்த இனம் முழுக்க 2017-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே பூசுவதும் வார்னிஷ் இல்லை, அரக்கு. பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். அதிகமும் இந்தியாவிலிருந்து வருகிறது. சாராயத்தில் கரைத்து, துணிப் பந்தால் நாள்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுகிறார்கள்.

உகுலேலேயே ஒரு புலம்பெயர்ந்த வாத்தியம்தான். 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுக்கலின் மதேரா தீவிலிருந்து ஹொனலுலு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் கூலி ஒப்பந்தத்தில் வேலை செய்ய நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் வந்தார்கள். மானுவல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் அதில் இருந்தார்கள். பிறகு ஹொனலுலுவில் கடை போட்டு, தங்கள் ஊரின் மச்செட் என்ற நான்கு தந்திச் சின்ன வாத்தியத்தை உள்ளூர்க் கோவா மரத்தில் செய்தார்கள். அதுதான் உகுலேலே ஆனது. குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம் சொல்கிறார்கள். மன்னர் கலாகவா அதை அரண்மனைக்குள் கொண்டுபோனார். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது.

1879 என்றதும் எனக்கு வேறொரு கப்பல் ஞாபகம் வந்தது. அதே வருடம் மே மாதம் லியோனிடாஸ் என்ற கப்பல், இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து பிஜி போய்ச் சேர்ந்தது. மதராஸிலிருந்து நம்மவர்கள் பிஜிக்குப் போனது 1903-லிருந்து. அங்கேயும் கரும்புதான். ஒரே பயிர், ஒரே கடல், ஒரே மாதிரி ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் வந்தவர்கள் போகும் இடத்தின் மரத்தைக்கொண்டு புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறார்கள். நாமும் ஒப்பந்தத்தில்தான் வந்திருக்கிறோம், கொஞ்சம் நல்ல சம்பளத்தில். நாம் என்ன செய்திருக்கிறோம் என்ற கேள்வியை அப்போது ஒதுக்கி வைத்தேன். ஸ்பிரின்ட் டெட்லைன் இருந்தது.

அறுபது நாள்

2023 ஜனவரியில் ஒருநாள் காலை லேப்டாப் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டை மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் போனில் மின்னஞ்சல் வந்திருப்பதைப் பார்த்தேன். லே-ஆஃப்.

ஹெச்-1பியில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனு போடவேண்டும், அல்லது விசா நிலையை மாற்றவேண்டும், இல்லையென்றால் கிளம்பவேண்டும். மகள் மூன்றாம் வகுப்பு. நானும் மனைவியும் இரவு உட்கார்ந்து, விற்கவேண்டிய பொருட்களை எக்ஸலில் போட்டோம். சோஃபா 300. டிவி 150. சாப்பாட்டு மேஜை 200. கார்.

அந்தப் பட்டியலை முடித்தபோது ஒன்று கவனித்தேன். ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளும் 'கிளம்பும்போது விற்க முடியுமா' என்று யோசிக்காமல் வாங்கியதில்லை. டெபாசிட் பிடிப்பார்கள் என்று சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. கல்யாணப் போட்டோ இன்னும் அலமாரி மேல் சாய்ந்துதான் நிற்கிறது. எல்லாமே ஒட்டுப்பலகை. பட்டியலின் கடைசி வரியில் மட்டும் விற்க முடியாத ஒன்று இருந்தது: என் கைக்கு அளந்து, இன்னும் பாதிகூட முடியாத ஒரு வாத்தியம்.

லூத்தியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நிலைமையைச் சொல்லி, ஆர்டரை ரத்து செய்துகொள்ளுங்கள், அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று எழுதினேன். "வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஒரு வரி பதில் வந்தது.

போனேன். மேற்பலகை தயாராக இருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து, கட்டை விரலால் தட்டிக் காட்டினார். சின்ன வெண்கல மணி மாதிரி கேட்டது. பக்கப்பலகைகளை இன்னும் வளைக்கவில்லை. நனைத்துச் சூடான இரும்பில் வளைத்துவிட்டால் பிறகு அவை இந்த அளவுக்கு மட்டும்தான்.

"ரத்து பண்ணணும்னா பண்ணிக்கலாம், அட்வான்ஸைத் தந்துடறேன். இல்லேன்னா இப்படியே எடுத்து வெச்சுடறேன். இந்தப் பலகை என் அலமாரியில முப்பது வருஷம் காத்திருந்தது. உங்க அறுபது நாளுக்குக் காத்திருக்காதா?" என்றார்.

ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, "ஊருக்குப் போனா எந்த ஊர்? அங்கே ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்டார். போனில் பார்த்தேன். கும்பகோணம், 84 சதவீதம். எழுதிக்கொண்டார். "அப்போ அரக்கைக் கூடுதலாப் பூசணும். ஈரத்தை நிறுத்தாது, ஆனா மெதுவாக்கும்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. விசா அலுவலகத்துக்கு நான் ஒரு தேதி. கம்பெனிக்கு நான் ஒரு எண். ஊரில் இருப்பவர்களுக்கு 'எப்போ வர்றீங்க', இங்கே இருப்பவர்களுக்கு 'எவ்வளவு நாள் இருப்பீங்க'. இந்த மனிதர் ஒருவர்தான் இரண்டு ஊரையும் எழுதிக்கொண்டு, இரண்டிலும் தாங்குகிற மாதிரி செய்வது எப்படி என்று யோசித்தார். அவருக்கு அது வெறும் வேலை. அதனால்தானோ என்னவோ அது என்னைத் தொட்டது.

ரத்து செய்யவில்லை.

52-வது நாள் சான் ஹோஸேயில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஆனால் உடனே மனு போட்டார்கள். லூத்தியருக்கு எழுதினேன். "நாளைக்கு வளைக்கிறேன்" என்று பதில் வந்தது.

உள்ளே எழுதிய பெயர்

அந்த வருடம் செப்டம்பரில் வாத்தியம் தயாரானது. மீதி 1,600 டாலர் கொடுக்கவேண்டும். சம்பளம் குறைந்துவிட்டது, ஏதாவது தள்ளுபடி உண்டா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தேன். அனுப்பும்போது பழைய காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கதவுக்கு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் அப்பா ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடியதும், அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க" என்றதும். ஷோரூமில் ஒட்டிய விலையை வாய் திறக்காமல் கொடுப்போம். கையால் செய்கிறவரிடம்தான் நமக்குப் பேரம் வரும். மின்னஞ்சலை அழித்துவிட்டு முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது. வரிசை எண், வருடம், அவர் கையெழுத்து. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, உன் வீணையை யார் செஞ்சாங்க?"

"தஞ்சாவூர் ஆசாரி ஒருத்தர். தாத்தா போய்ச் சொல்லிவெச்சு, பலாமரம் பார்த்து, ஆறு மாசம் கழிச்சு வந்தது. பேரு..." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஞாபகம் வரலையேப்பா."

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டு வீணையைச் செய்தவருக்கு இல்லை. நாற்பது வருடம் அந்த வீணையோடு வாழ்ந்த வீட்டில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது உகுலேலேயைக் கையோடு எடுத்துப் போனேன். நாலைந்து நாளில், அவர் சொன்ன மாதிரியே, மேற்பலகை மயிரிழை உப்பி, தந்தி கொஞ்சம் எழும்பியது. வெடிக்கவில்லை. அம்மா அதை வாங்கி வீணை மாதிரி மடியில் கிடத்தி, தட்டிப் பார்த்து, "நல்ல நாதம்" என்றார். பிறகு, "அதையும் இறக்கேன்" என்று பரணைப் பார்த்தார்.

வீணையின் மெழுகு பல இடத்தில் விட்டுப்போய், மெட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. தஞ்சாவூரிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகையும் கரியையும் சேர்த்துப் புதிதாக வைத்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நிறுத்தினார். மேளம் கட்டுவது என்பார்கள். ஒரு பகல் முழுக்க ஆனது. கேட்ட கூலியைக் கொடுத்தேன். அவரே பேரத்துக்குத் தயாராக நின்றிருந்ததால் ஒரு நொடி திகைத்துவிட்டார்.

கிளம்பும்போது, "உங்க பேரு, ஊரு, இன்னைக்குத் தேதி மூணையும் இதுல எழுதிக் கொடுங்கண்ணே" என்று ஒரு காகிதத்தை நீட்டினேன்.

"எதுக்கு தம்பி?"

"நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

சிரித்துக்கொண்டே எழுதினார். அதை வீணைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். உகுலேலே சன்னிவேல் திரும்பிய பத்தாவது நாள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. போன வாரம் சுவரில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டினேன். டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்களோ, பிடிக்கட்டும்.